ஆனி ரோஸ் வீட்டுத் தரை

கொள்ளிடக் கரையில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளம் வந்து வடிந்தால், வீட்டுக்குள் படிந்த மண்ணை முழுக்க வாரி வெளியே கொட்டமாட்டார்கள். மேலே கிடக்கிற சேற்றையும் குப்பையையும் வழித்துவிட்டு, மிச்சத்தை நிரவி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சாணம் மெழுகிவிடுவார்கள். அடுத்த தடவை தண்ணீர் வரும்போது தரை ஒரு சாண் உயரமாக இருக்கும் அல்லவா, அதுதான் கணக்கு. வீட்டில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போகிற ஆறு, போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போவது இந்த மண் ஒன்றைத்தான். அதையும் எடுத்துத் தெருவில் கொட்ட அவர்களுக்கு என்ன பைத்தியமா?

இதில் ஒரே ஒரு சங்கடம். தரை ஏற ஏற வாசல் நிலை குட்டையாகிக்கொண்டே போகும். ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே ஆற்றை ஒட்டி இருக்கிற படுகைத்தெருவில் போய்ப் பாருங்கள், பாதி வீடுகளில் குனிந்துதான் நுழைய வேண்டும். செபஸ்டின் நல்ல உயரம். உயிரோடு இருந்தவரைக்கும் தன் வீட்டு நிலையில் தினம் ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொள்வார். இடித்ததும் முதலில் நிலையைத் திட்டுவார், அப்புறம் அதை வைத்த ஆசாரியைத் திட்டுவார், கடைசியில் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருக்கிற பெண்டாட்டி ஆனி ரோஸைத் திட்டுவார்.

"நீ குள்ளமா பொறந்துட்ட. ஒனக்கென்ன, மகாராணி மாதிரி நிமிந்துக்கிட்டே நுழைஞ்சுடுவ."

அந்த மகாராணிக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. காலையில் அரிசி களைந்து உலையில் போட்டால், பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று மணிக்கு மேல் வீடு திரும்புவாள். செபஸ்டின் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு மூட்டை ஏற்றி இறக்கினார். ஒரே மகன் கிளமெண்ட். ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கொஞ்ச நாள் சும்மா சுற்றினான், பிறகு குவைத்துக்குப் போனான். அங்கே மாடிமாடியாக எழும்பும் கட்டிடங்களுக்கு வெளியே சாரம் கட்டுகிற வேலை. அந்தரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு. போட்டோவில் பார்த்த அன்றைக்கே ஆனி ரோஸ் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

மகன் போன அடுத்த தவக்காலத்தில் செபஸ்டின் இறந்துபோனார். காலையில் காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கிளமெண்ட் அங்கே கம்பெனி ஆட்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது, லீவு கிடைக்கவில்லை. வீடியோவில்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கோயில் பூசையைப் பார்த்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தான். பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற நேரம் பார்த்து டவர் போய்விட்டது. பாழாய்ப்போன டவர், மற்ற நாளெல்லாம் கல்லறையில் நன்றாகத்தான் எடுக்கும்.

குழிக்குள் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போட்டான். பெற்ற பிள்ளை போடவில்லை. அதுதான் கிளமெண்டின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு போன் செய்கிறபோதெல்லாம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவான், வெயிலைப் பற்றிப் பேசுவான், கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

"எங்கப்பனுக்கு நான் ஒரு புடி மண்ணு போடலியேம்மா."

"வந்து போட்டுக்கலாம்யா. அப்பா எங்க போயிடப் போறாரு? அங்கனதான இருக்காரு" என்பாள் ஆனி ரோஸ்.

போய்விட்டார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த வருஷம் ஆடியில் மேலே அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வருஷா வருஷம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து, கரையோர மக்கள் மேடான இடத்துக்குப் போங்கள் என்று கத்திவிட்டுப் போகும். வருஷா வருஷம் படுகைத்தெருக்காரர்கள் ஆற்றங்கரை மேல் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவார்கள். இந்தத் தடவை ஆற்றின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஆனி ரோஸ் ஒரு பையில் ரேஷன் கார்டு, பாஸ்புக், கல்யாணப் போட்டோ, ரெண்டு புடவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கேதான் முகாம். அவளே அகதி, அவளே சமையல்காரி. ஊரே வகுப்பறைகளில் படுத்துக் கிடக்க, இவள் பெரிய அண்டாவில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் கரை தெற்கே, தெருவுக்கு நேரே உடையும் என்று பயந்தார்கள். ஆற்றுக்கு வேறு யோசனை. மேற்கே ஊர் முடிகிற இடத்தில், கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கரையைப் பிய்த்துக்கொண்டு ஏறி, அங்கிருந்து படுகைத்தெரு நெடுக நுழைந்து ஓடியது.

தண்ணீர் வடிந்து ஆட்களைத் தெருவுக்குள் விட்டபோது, ஆனி ரோஸ் வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே மண் அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுப் பாத்திமா மேரியும் அவளும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பின் சுவர் விழுந்து, வீட்டுக்குள் நின்றபடியே வாழைத்தோப்பு தெரிந்தது. அரிசி டிரம் கவிழ்ந்து, அரிசி ஊறிப் புளித்து நாறியது. கட்டில் குறுக்கே நின்றது. டி.வி. மண்ணுக்குள் முகம் குப்புறக் கிடந்தது. கேஸ் சிலிண்டரைக் காணோம். அது அடுத்த நாள் தோப்பில் ஒரு வாழையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பாத்திமா மேரிதான் கண்டுபிடித்தாள். செபஸ்டினின் வேட்டி சட்டைகளை ஆனி ரோஸ் ஒரு டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். பெட்டியும் இல்லை, துணியும் இல்லை.

தெருவில் உட்கார்ந்து அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? சிலிண்டர் போனதற்கும் டி.வி. போனதற்கும் அழுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவள் அந்தச் சட்டைகளுக்கு அழுதாள். சில ராத்திரிகளில் அந்தப் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடுவது அவளுக்கு ஒரு வழக்கம். அதை யாரிடம் சொல்ல முடியும்?

அழுது முடித்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பின் பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டினாள். வழிக்க வேண்டியதை வழித்தாள். முழங்காலளவு மண்ணை நிரவுகிறபோது அதில் சாம்பல் நிற வண்டலுக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சிவப்பு மண் இருந்ததைப் பார்த்தாள். அட, செம்மண்கூடக் கலந்திருக்கிறதே, தரை நன்றாக இறுகுமே என்று அவளுக்குச் சந்தோஷம். அந்த நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

மாதா சுரூபம் வைத்திருந்த சுவர்ப் பலகைக்குக் கீழே, மூலையில் மண்ணைக் கிளறுகிறபோது விரலில் நூல் ஒன்று சுற்றியது. இழுத்தாள். அறுந்துபோன ஜெபமாலைத் துண்டு. ஐந்தாறு வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள். பலகையிலிருந்து விழுந்து அறுந்திருக்கும் என்று நினைத்தாள். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும், இல்லையென்றால் கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, அந்த மூலையிலேயே குழி பறித்துப் புதைத்தாள். மேலே மண்ணைத் தள்ளித் திமிசுக்கட்டையால் ஓங்கி ஓங்கி இடித்தாள். அந்தண்டைத் தெருக் கலியம்மாள் தன் மாட்டுச் சாணத்தை ஒரு கூடை கொடுத்தாள். மெழுகி முடித்து, குட்டையாகிப்போன நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இருந்திருந்தால் இப்போது நெற்றியை இல்லை, மூக்கை இடித்துக்கொள்வார் என்று நினைத்துச் சிரித்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில் அதுவரை தண்ணீர் நின்றது. வற்றிய பிறகு முதலில் போய்ப் பார்த்துவந்தவர் கோயில் உபதேசியார் சவரியார். நேரே ஆனி ரோஸ் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா ரோசு, ஒன்னு சொல்லுறேன் கேளு. நீ இப்போதைக்குக் கல்லறைப் பக்கம் போவாத."

போகாதே என்றால் யார் கேட்பார்கள்? அவள் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

சாலையோரம் இருந்த பழைய செங்கல் கல்லறைகள் மட்டும் நின்றன. ஆற்றுப் பக்கம், புதிதாக இறந்தவர்களைப் புதைத்த வரிசைகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. கத்தியால் வெட்டி எடுத்ததுபோல் நிலம் செங்குத்தாக முடிந்தது, கீழே ஆறு ஓடியது. செபஸ்டினின் இரும்புக் குழாய்ச் சிலுவை, அதில் பெயர் எழுதிய தகடு, போன கல்லறைத் திருநாளுக்கு அவள் நட்ட கேந்திச் செடி, எதுவும் இல்லை. வெட்டுப்பட்ட மண்ணைப் பார்த்தாள். செக்கச்செவேலென்று இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆற்றோரம் பள்ளமாக இருந்த இடத்தைக் கல்லறைக்குச் சேர்த்தபோது, மேடு தூக்குவதற்குச் செந்துறைப் பக்கமிருந்து டிப்பரில் செம்மண் அடித்தார்கள். அந்தத் தெருவிலேயே வேறெங்கும் செம்மண் கிடையாது. தண்ணீர் இங்கே ஏறி, இதை வாரிக்கொண்டுதான் தெருவுக்குள் வந்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடிவந்து மாதா பலகையைப் பார்த்தாள். அவர்கள் வீட்டு ஜெபமாலைகள் எல்லாம் ஆணியில் அப்படியே தொங்கின. ஒன்றும் அறுந்திருக்கவில்லை. ஏலாக்குறிச்சித் திருவிழாக் கடையில் வாங்கிய வெள்ளை மணி ஜெபமாலை ஒன்றை அவள் செபஸ்டினின் விரல்களில் சுற்றி வைத்திருந்தாள். அவருக்கு மட்டுமா? அங்கே புதைத்த எல்லார் கையிலும் அதே கடை வெள்ளை மணிதான். யாருடையது என்று எந்தச் சாமியாரால் சொல்ல முடியும்?

இடித்து இறுக்கிய தரை மேல் காலை வைக்கக் கூசி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திமிசுக்கட்டையால் எத்தனை இடி இடித்தோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

பாத்திமா மேரியிடம் மட்டும் சொன்னாள். அவளுடைய மாமியாரும் அந்த வரிசையில்தான் இருந்தார். பாத்திமா மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "எக்கா, அந்தக் கெழவி செத்தும் என்னை வுடல பாத்தியா" என்றாள். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்குப் பிறகு அந்த ரெண்டு வீட்டுக்குள்ளும் யாரையும் செருப்போடு விடவில்லை. தரையில் எச்சில் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

ஆனால் மகனிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கிளமெண்ட் கேட்டுக்கொண்டே இருந்தான். "அப்பா கல்லறை என்னம்மா ஆச்சு?"

"அது மேடுய்யா. அங்கல்லாம் தண்ணி ஏறல."

சொல்லிவிட்டாள். அந்தரத்தில் கம்பி மேல் நிற்கிற பிள்ளை. மனசு கலங்கினால் கால் கலங்காதா? அதனால்தான் சொன்னாள். போனை இப்படியும் அப்படியும் பிடித்து, தார்ப்பாய் தெரியாமல், தரை தெரியாமல், தன் முகத்தை மட்டும் காட்டினாள். மகன் ஊருக்கு வருவதற்குள் ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று மாதாவிடம் விட்டுவிட்டாள்.

வழி பிறக்கவில்லை, பிள்ளை கிளம்பிவிட்டான். லீவு கிடைத்துவிட்டது, நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஊரில் இருப்பேன், அப்பாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தி ஒரு பிடி மண் போட்டால்தான் என் மனசு ஆறும் என்று போனில் குதிக்காத குறையாகச் சொன்னான். ஆனி ரோஸ் சந்தோஷப்படுவதா, சாவதா என்று தெரியாமல் நின்றாள்.

உபதேசியாரிடம் போய் அழுதாள். அவர் பாவம், அவருக்கும் திருநாள் நெருங்கியதிலிருந்து இதே பஞ்சாயத்துத்தான். கல்லறை போன குடும்பங்கள் எல்லாம் அவரைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"எல்லாரும் என்ன செய்யிறாங்களோ அதையே நீயும் செய்ம்மா. மிச்சம் இருக்குற எடத்துல ஒரு மேடு போடு. பேரு எழுதிச் சிலுவை நடு. ஃபாதர் வந்து மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிப்பாரு. செபத்துக்கு எடமா முக்கியம்?"

"அவன் அழுவானே உபதேசியாரே. அடியில அவரு இல்லாத எடத்துல வுழுந்து அழுவானே."

"அழுவட்டும்மா. அழுது ஆறட்டும். ஒனக்கு அவன் நல்லாருக்கணுமா வேணாமா?"

இதற்கு எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அவளே மண் சுமந்து மேடு கட்டினாள். புதுச் சிலுவை வெல்டு வைத்து, பெயர் எழுதி நட்டாள். புதுசு என்று தெரியக்கூடாதே என்று அதில் கொஞ்சம் சேற்றையும் பூசினாள். வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்கும் அளவு சோறு குறைத்துப் போடாதவள், தன் பிள்ளைக்கு இந்த வேலையைச் செய்தாள்.

கிளமெண்ட் வந்து சேர்ந்தான். நன்றாகக் கறுத்து, தோள் அகன்று, அப்பாவின் உயரத்துக்கு வளர்ந்திருந்தான். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆசையாக உள்ளே நுழைந்தவன், நிலையில் மடாரென்று இடித்துக்கொண்டான்.

"ஐயோ, எந்த முண்டம்மா இந்த நெலைய வெச்சான்!"

ஆனி ரோஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மகனின் நெற்றியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே விட்டாள் ஒரு ஒப்பாரி.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் பூசைக்குப் போனார்கள். தூறலுக்கு நடுவே ஊரே குடை பிடித்துக்கொண்டு நின்றதில், ஆற்றுப் பக்கம் நிலம் அறுந்து கிடந்தது கிளமெண்டின் கண்ணில் படவில்லை. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். கிளமெண்ட் அந்த மேட்டின் மேல் மாலை போட்டான், மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக் கொளுத்தினான். பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்து மேட்டின் மேல் போட்டான். போட்டதும் அப்படியே முட்டி போட்டு விழுந்து, அந்த மண்ணைக் கட்டிக்கொண்டு கதறினான். அப்பா, அப்பா என்று சின்னப் பிள்ளையாக ஏங்கி ஏங்கி அழுதான். பக்கத்தில் நின்ற உபதேசியார் வேறெங்கோ பார்த்துக்கொண்டார். பாத்திமா மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது கிளமெண்ட் அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தான். "இப்பத்தாம்மா நெஞ்சு லேசாச்சு. இனிமே அங்க போயி நிம்மதியா வேலை பாப்பேன்" என்றான்.

ஆனி ரோஸ் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். போதும், இந்தப் பொய் என்னோடு போகட்டும், பிள்ளை நிம்மதியாக இருந்தால் சரி என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கிளமெண்டுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வந்ததிலிருந்து வீட்டைப் பார்த்து அவனுக்கு ஆற்றாமை. தார்ப்பாய்க்குப் பின்னால் அம்மா படுத்துக்கிடந்திருக்கிறாள், தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று தன்மேலேயே கோபம். சுவர் எழுப்ப ஆள் பேசிவிட்டான். தரைக்கும் அவனே ஒரு முடிவு எடுத்துவிட்டான். அம்மாவுக்குத் தெரியாமல் செய்து அசத்த வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, பக்கத்து வீட்டிலிருந்து மண்வெட்டி வாங்கி வந்தான்.

மூன்று மணிக்கு மேல் ஆனி ரோஸ் தெருவுக்குள் நுழைந்தபோது பாத்திமா மேரி எதிரே ஓடிவந்தாள்.

"எக்கா, ஒம் புள்ள தரைய வெட்டுறான்க்கா! தொவரஞ்செடிக்கு மண்ணு அணைக்கணும்னு சொல்லி மம்பட்டி கேட்டான், நானும் குடுத்துத் தொலைச்சிட்டேன். இப்பத்தான் சத்தம் கேட்டுப் போயிப் பாத்தேன்."

வீட்டு வாசலில் கிளமெண்ட், இடுப்பில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்வையோடு நின்றான். கையில் மண் நிரம்பிய இரும்புச் சட்டி. தெருவோரத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம் உண்டு. அதில் கொட்டக் கிளம்பிவிட்டான். அம்மாவைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாம்மா. இந்தக் குப்ப மண்ணையெல்லாம் வாரிப் பள்ளத்துல கொட்டிட்டு, காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிடப் போறேன். மூலையிலேருந்து ஆரம்பிச்சுட்டேன், பாரு. இனிமே நெலையும் இடிக்காது."

சட்டியில் இருந்த மண் சிவப்பாக இருந்தது. அவன் எந்த மூலையில் ஆரம்பித்திருக்கிறான் என்று அவளுக்கு உள்ளே போய்ப் பார்க்காமலே தெரிந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஒரு நிமிஷத்தில் அது பள்ளத்துக்குப் போயிருக்கும். பிள்ளை நிம்மதியாகக் குவைத்துக்குப் போயிருப்பான், வீட்டுக்கு டைல்ஸ் வந்திருக்கும், பொய்யும் கெட்டிப்பட்டிருக்கும். நேற்று அவ்வளவு கல்லாக்கிய மனசு, அந்தச் சட்டி பள்ளத்தின் மேல் சாயப் போனபோது பொடிப்பொடியாகிவிட்டது.

"கொட்டாதடா! கிளமெண்டு, கொட்டாதடா! அது அப்பாடா!"

அவன் சட்டியோடு அப்படியே நின்றான். அடுப்பு வெக்கை தாங்காமல் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். அவள் ஓடிவந்து சட்டியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு ஏறின இடத்தைச் சொன்னாள், செம்மண்ணைச் சொன்னாள், திமிசுக்கட்டையைச் சொன்னாள். சட்டிக்குள் விரலை விட்டுத் துழாவி, அந்த மணித் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"அவருதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்யா. வேற யாருதாவும் இருக்கும். ஆனா அந்த மண்ணுலதான் அவரு இருந்தாரு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

கிளமெண்டின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நேத்து நான் யாரைக் கட்டிக்கிட்டும்மா அழுவுனேன்?"

அந்தக் கேள்வி அவளை அறைந்ததுபோல் இருந்தது. "தப்புத்தான்யா, அம்மாவ மன்னிச்சுடு சாமி" என்று மகனின் காலைப் பிடிக்கப் போனாள். அவன் விலகி, ஆற்றங்கரைப் பக்கம் விறுவிறுவென்று நடந்து போய்விட்டான். பாத்திமா மேரி பின்னால் போகப் பார்த்தாள், ஆனி ரோஸ் வேண்டாம் என்று தடுத்தாள். சட்டியை மடியிலிருந்து இறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாயும்போது அவன் திரும்பி வந்தான். கண் வீங்கியிருந்தது. செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டான். குனிந்து அம்மாவின் மடியிலிருந்த சட்டியை வாங்கினான். நிலையில் இடிக்காமல், நன்றாகத் தலை தாழ்த்தி உள்ளே போனான். ஆனி ரோஸ் எழுந்து பின்னாலேயே போனாள்.

மாதா பலகைக்குக் கீழே மூலையில் அவன் வெட்டிய குழி இருந்தது. அதன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"மணிய எங்க வெச்சம்மா? அதைக் குடு."

கொடுத்தாள். அதைக் குழியின் அடியில் வைத்தான். சட்டியை அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிடலாம், அவன் கொட்டவில்லை. ஒரு பிடி மண் எடுத்து உள்ளே போட்டான். இன்னொரு பிடி எடுத்துப் போட்டான். நேற்றுபோல் கதறவில்லை, கண்ணீர் பாட்டுக்கு மூக்கு நுனியில் இறங்கி மண்ணில் விழுந்தது. சட்டி காலியாகும்வரை பிடி பிடியாகப் போட்டுக்கொண்டே இருந்தான். ஆனி ரோஸ் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழி நிரம்பியது. அவன் உள்ளங்கையால் தடவித் தடவிச் சமன் செய்தான். மண்வெட்டியையும் திமிசுக்கட்டையையும் அவன் தொடவில்லை.

"டைல்ஸு வேணாம்மா" என்றான். பிறகு தரையைப் பார்த்தபடியே கேட்டான். "அடுத்த வருசமும் தண்ணி வந்துச்சுன்னா?"

ஆனி ரோஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்தா, அவரு மேல இன்னும் ஒரு சாண் மண்ணு படியும்யா" என்றாள்.

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, கலியம்மாள் வீட்டில் சாணம் வாங்கி வரப் போனாள்.